விடிந்தால் வெள்ளிக்கிழமை

"தலைமாடு தெக்க வரட்டும். மெதுவா... அந்தப் பக்கம் காலப் புடிங்க" என்று பெட்டி கொண்டுவந்த சர்ஃபராஸ் சொல்லச் சொல்ல, நாலு பேர் சேர்ந்து மருதையைக் கட்டிலிலிருந்து தூக்கி ஐஸ்பெட்டிக்குள் இறக்கினார்கள். வேட்டி நுனி பெட்டியின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அவர் மனைவி வேணி குனிந்து அதை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள். கண்ணாடி மூடி இறங்கும்போது தலைமாட்டு மூலையில், சுவரோரமாக, அந்த மடிப்பை மூடிக்கு அடியில் கொடுத்தாள். மூடி சத்தமில்லாமல் அதன்மேல் உட்கார்ந்தது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. சர்ஃபராஸ் ஒயரை இழுத்துக்கொண்டு பிளக் மாட்டப் போயிருந்தான். மருதையின் சித்தப்பா மகன் முருகானந்தம் வாசலில் நின்று பந்தல்காரனோடு போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். வேணியே கவனிக்கவில்லை. அடுப்பிலிருந்து சோற்றுப்பானையை இறக்கும்போது கை தானாகக் கரித்துணியை எடுத்துக்கொள்ளுமே, அப்படித்தான் அதுவும் நடந்தது.

பெட்டி உறுமத் தொடங்கியது. திருவெறும்பூரில் அந்தத் தெருவே அப்போதுதான் முழுசாக விழித்துக்கொண்டு, பல் துலக்கி, என்ன ஏது என்று வந்து எட்டிப் பார்த்தது.

காலையில் காபி கொண்டுபோனவள் வேணிதான். மருதை மல்லாந்து, கை இரண்டையும் வயிற்றின்மேல் கோத்து, முகத்தை லேசாக இடப்பக்கம் சாய்த்துப் படுத்திருந்தார். அது சீரியல் டைரக்டர் சொல்லிக்கொடுத்த சாய்ப்பு. அப்படிச் சாய்ந்தால் மூக்கு எடுப்பாகத் தெரியுமாம்.

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா? நடிச்சது போதும், எந்திரிங்க" என்று சொல்லி, டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு மோட்டார் போடப் போனாள். தொட்டி நிரம்பி, நாலு துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது காபியில் ஆடை கட்டியிருந்தது. அப்போதும் "ஆறிப்போச்சு பாருங்க" என்றுதான் சொன்னாள்.

மருதை செத்துப்போவது அந்தத் தெருவுக்குப் புதிதல்ல. போன வருஷம் முழுக்க அவர் திங்கள் முதல் வெள்ளி வரை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் செத்துக்கொண்டுதான் இருந்தார். தெருவும் டிவியில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சீரியலுக்கு 'விடிந்தால் வெள்ளிக்கிழமை' என்று பெயர். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு மருமகள். அவளுக்கு எப்போது விடிந்தாலும் அதே வெள்ளிக்கிழமைதான் விடியும். பேச்சு விழுந்து படுக்கையில் கிடக்கும் மாமனார் அன்று சாயங்காலம் செத்துப்போவார். மருமகள் என்னென்னவோ செய்து பார்ப்பாள். மாத்திரையை மாற்றுவாள், டாக்டரைக் கூட்டிவருவாள், வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமனார் ஐஸ்பெட்டிக்குள் இருப்பார். மறுபடி விடியும், மறுபடி வெள்ளிக்கிழமை. அந்த நாளை அவள் சரியாக நடத்தி முடித்தால்தான் சனிக்கிழமை வரும் என்பது கதை.

ஷூட்டிங்குக்குப் பெட்டி வாடகைக்குக் கொடுத்தவன் சர்ஃபராஸ். சாவு வீட்டுக்கும் அதே பெட்டிதான், சீரியலுக்கும் அதே பெட்டிதான். ஒரு நாள் தூக்கி இறக்க ஆள் இல்லை என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்த மருதையைக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மாமனாராக நடிக்க வந்தவர் பெட்டிக்குள் படுத்ததும் தும்முவதும், "மூச்சு முட்டுது சார்" என்று எழுந்து உட்காருவதுமாக இருந்தார். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் வேணா படுத்துக் காட்டட்டா?" என்று மருதை கேட்டார். துவாக்குடிப் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பாய்லர் டிரம்முக்குள் ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்துப் பற்றவைத்தே தலை நரைத்தவர். இடுக்கில் அசையாமல் கிடப்பது அவருக்கு ஒரு வேலையே இல்லை. வயிறு ஏறி இறங்காமல் மூச்சு வாங்கவும் தெரியும். அன்றைக்கே அவரை மாமனாராக்கிவிட்டார்கள்.

சுகர்க்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று வேணியும் தூக்குவாளியோடு கூடப் போனாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் பிடித்து, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி தினம் போய்வந்தார்கள். முதல் நாள் மூக்கில் பஞ்சு வைத்து, தாடையைக் கட்டி, மூடியை இறக்கியதும் வேணி ஓவென்று அழுதுவிட்டாள். எடுத்த காட்சி வீணாகிப்போயிற்று. பிரான்சி என்கிற உதவி டைரக்டர் பெண், பாலக்கரைக்காரி, ஓடிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா நல்லாத்தாம்மா இருக்காங்க. நீங்க அழுதா மைக்ல விழுதும்மா. மூடி இறங்கினா மட்டும் சத்தமே வரக் கூடாது, சரியா?" என்றாள்.

வேணி கற்றுக்கொண்டாள். அழாமல் இருந்ததோடு, அவளுக்கென்று ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டாள். மூடி இறங்கும்போது கேமரா இல்லாத பக்கமாக, தலைமாட்டு மூலையில், துண்டை மடித்து வைப்பாள். அந்த இடுக்கு வழியாகத்தான் மருதைக்குக் காற்று. ஷாட் முடிந்து மூடி திறந்ததும் அதே துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிடுவாள். "என்ன வேணி, நல்லா செத்தேனா?" என்று கேட்பார். "ஏதோ செத்தீங்க" என்பாள்.

"எப்ப எடுக்குறதுன்னு முடிவு பண்ணிருவோம் அண்ணி" என்று முருகானந்தம் உள்ளே வந்தான். "பூவரசனுக்கு மஸ்கட்ல இன்னைக்கு ராத்திரிதான் பிளைட்டு. காலைலதான் வருவான். நாளைக்குச் சனிக்கிழமையாப் போவுது. இன்னைக்கே பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டா நல்லது."

மருதையின் அக்கா மாரியாயி பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "சனிக்கிழமை வேணாம்டாப்பா. போறவன் தொணைக்கு ஆளு தேடுவான். வீட்டுல சின்னஞ்சிறுசுக இருக்கு" என்றாள்.

"பையன் மூஞ்சியப் பாக்க வேணாமா அத்தாச்சி?" என்று யாரோ ஒரு பெண் கேட்டாள்.

"வீடியோ கால்ல காட்டிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க இப்பல்லாம்" என்றான் முருகானந்தம்.

"சனிக்கிழமை எடுத்துக்கலாம்" என்றாள் வேணி.

பெட்டி வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தொணைக்குப் பாடையில கோழி கட்டணும் அண்ணி."

"கட்டிக்கிட்டாப் போச்சு."

"இல்ல, அதுக்கில்ல..."

"அவருக்குச் சனிக்கிழமதான் வேணும்" என்றாள் வேணி. புருஷன் போன அதிர்ச்சியில் என்னவோ பேசுகிறாள் என்று முருகானந்தம் நினைத்துக்கொண்டான். "சரி, பெட்டி தாங்கட்டும், பாப்போம். இல்லன்னா சாயங்காலம் எடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் பந்தலைப் பார்க்கப் போனான்.

அவள் உளறவில்லை. டைரக்டர் மருதைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி எபிசோடில் மருமகள் அந்த நாளைச் சரியாக நடத்தி முடித்துவிடுவாள். விடிந்ததும் மாமனார் எழுந்து உட்காருவார், பேச்சும் வந்துவிடும். "இன்னைக்கு என்ன கிழமைம்மா? சனிக்கிழமையா?" என்று கேட்பார். மருமகள் "ஆமா மாமா, சனிக்கிழமை" என்று சொல்லி அழுவாள். அதோடு கதை முடியும். அத்தனை எபிசோடிலும் மருதைக்கென்று இருந்த வசனம் அந்த ஒன்றுதான்.

அதை வைத்துக்கொண்டு அவர் செய்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார். அவரும் பாவம், "இல்லீங்க, புதன்கிழமை" என்பார். குரலை நடுங்க விட்டு ஒருமுறை, கம்மலாக ஒருமுறை, சிரித்தபடி ஒருமுறை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் வேணியைப் பிடித்துக்கொள்வார். "நீதான் மருமக. நான் கேப்பேன், நீ பதில் சொல்லு."

"எனக்கு வேற சோலி இல்ல?"

"ஒரே ஒரு தடவ சொல்லேன். பதில் இருந்தாத்தான் எனக்கு வசனம் நிக்கும்."

"பாத்திரம் கெடக்கு, விடுங்க" என்று எழுந்துவிடுவாள். இந்த வயதில் புருஷனை மாமா என்று கூப்பிட்டு நாடகம் போடுவதா என்று கூச்சம். ஒரு தடவைகூட அவள் பதில் சொன்னதில்லை.

அந்த எபிசோடு வரவே இல்லை. பார்க்கிறவர்களுக்குச் சீரியல் பிடிபடவில்லை. எப்போது போட்டாலும் அதே காபி, அதே பால்காரன், அதே பிணம். போட்டதையே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், மீதிக் கதையைப் போடச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகச் சேனலுக்குப் போன் போட்டுத் திட்டினார்களாம். ஒரு நாள் மதியம், மூடி இறங்கி லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, டைரக்டருக்குப் போன் வந்தது. அவர் பேசிக்கொண்டே தெருவுக்குப் போனார். பின்னாலேயே கேமராக்காரர் போனார். லைட்டை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். வேணி மட்டும் பெட்டியோரம் சத்தம் காட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவளாகவே மூடியைத் தூக்கினாள்.

மருதை கண்ணைத் திறக்காமலே, "கட் சொல்லிட்டாங்களா?" என்றார்.

"சீரியலையே நிறுத்திட்டாங்களாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். மூக்குப் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தார். பிணமாக நடித்தவர், ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொன்னதும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்தத் தொழிலில் ஒரு வழக்கம், இல்லாவிட்டால் சாவு கூடவே வந்துவிடுமாம். தினமும் பிரான்சி கூப்பிட்டு நிறுத்திச் சிரிக்க வைப்பாள். அன்றைக்கு அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மருதை அவள் எதிரே போய் நின்று, "சிரிக்க வேணாமா பாப்பா?" என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு பேரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

வசனத்தை மட்டும் அவர் விடவில்லை. வேறு யாராவது எடுப்பார்கள், மிச்சக் கதையை எப்படியும் முடித்துத்தானே ஆக வேண்டும் என்பார். நேற்று ராத்திரிகூடக் கேட்டார். வேணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வருகிறவர்களெல்லாம் மாலையைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, "அப்படியே சீரியல்ல பாத்த மாதிரியே இருக்காரு" என்றார்கள். ஒரு பெண் வாய்தவறி "அதவிட நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழ வந்தார்கள். வேணி அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு காலி வீடு மாதிரி இருந்தது. யார் யாரோ வந்து போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

"அழுடி" என்றாள் மாரியாயி. "கல்லு மாதிரி உக்காந்திருக்க. அன்னைக்கு அவன் சிரிக்காம வந்தான்னு சொன்னப்பவே எனக்குப் பக்குனு இருந்துச்சு. நீயாவது அங்கயே நிறுத்திச் சிரிக்கவச்சுக் கூட்டியாந்திருக்கக் கூடாதா? கூடத்தான போன?"

வேணிக்கு மூடி இறங்கியிருக்கும்போது பேசிப் பழக்கமில்லை. அப்படித் தோன்றிய கணத்தில்தான் அவள் கண் தலைமாட்டு மூலைக்குப் போனது. நீலக் கரை போட்ட துண்டின் மடிப்பு, மூடிக்கு அடியில், ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. இருக்க வேண்டிய இடத்தில்தான் துண்டு இருந்தது. பிறகு மெதுவாகப் புரிந்தது. அந்த இடுக்கில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்த காற்று வெளியே வந்துகொண்டிருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று தெரியும். பிள்ளை வருகிறவரை உடம்பு தாங்க வேண்டும் என்றும் தெரியும். இழுத்தால் வந்துவிடும், ஒரு நொடி வேலை. கை போகவில்லை. மூக்கில் பஞ்சு இருக்கிறது, தாடை கட்டியிருக்கிறது, இதையும் எடுத்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே நின்றது. பைத்தியக்கார நினைப்பு என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சுவரோரமாக நகர்ந்து, முந்தானை அந்த மூலையை மறைக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்து, மருதையின் முகமே தெரியாமல் போயிற்று. கால்மாட்டில் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. முருகானந்தம் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"பெட்டி கூலிங்கே ஆவல. இதை வச்சுக்கிட்டு காலை வரைக்கும் எப்படி? நான் வண்டிக்குச் சொல்றேன். இப்பவே குளிப்பாட்டி எடுத்துருவோம்."

"அதுதான் சரி" என்றாள் மாரியாயி. "வெள்ளிக்கிழமையோட போவட்டும் அவன்."

வேணியின் கை துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. "சர்ஃபராஸக் கூப்பிடுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

சர்ஃபராஸ் வந்தான். பிளக்கைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், மூடியின் ரப்பரை விரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தான். வேணி இருந்த மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. துண்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அத்தனை நாளும் ஸ்ரீரங்கத்தில் பெட்டியைத் தூக்கி வைத்தவன் அவன்தான். இந்தத் துண்டு அவனுக்குத் தெரியும்.

"என்னப்பா கோளாறு?" என்று முருகானந்தம் கேட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே. மூடி சரியா உக்காரல. இப்ப சரியாயிரும். நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க, காத்து வரட்டும்."

அவர்கள் நகர்ந்ததும் அவன் வேணிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். சாவு வீடுகளிலேயே புழங்குகிறவன். ஆனாலும் துண்டை இழுக்காமல் அதன் நுனியை விரலால் தொட்டுக் காட்டினான்.

"அக்கா. அண்ணனுக்கு இனிமே அது வேணாங்க்கா."

அவள் தலையாட்டினாள்.

"நான் எடுத்துரட்டுமா?"

"இல்ல."

"தம்பி வந்து மூஞ்சியப் பாக்கணும்ல. காலைல வரைக்கும் இருக்கணும்னா..."

"இருப்பாரா? காலைல வரைக்கும்?"

"இப்ப மூடினா இருப்பாருக்கா. நான் கேரண்டி. சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

"சனிக்கிழமை" என்றாள் வேணி.

மூடியை ஒரு கையால் லேசாகத் தூக்கினாள். சர்ஃபராஸும் ஒரு கை கொடுத்தான். மற்றக் கையால் துண்டை இழுத்தாள். சில்லென்று நனைந்திருந்தது. மூடி இறங்கி ரப்பரில் உட்காரும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதே இல்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிய ஆரம்பித்தது. முதலில் நெற்றிக் காசு தெரிந்தது, அப்புறம் மூக்கு. முருகானந்தம் வந்து தொட்டுப் பார்த்து, "பரவால்ல, ஏறிருச்சு" என்றான். வண்டிக்காரனைக் காலையில் வரச் சொல்லிவிட்டு, கோழிக்கு ஆள் அனுப்பினான்.

விடிந்ததும் பூவரசன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தான். பையில் விமானச் சீட்டுத்துண்டு கட்டியபடியே இருந்தது. பந்தலுக்குள் நுழைந்ததுமே "அப்பா" என்று கத்திக்கொண்டு பெட்டியின்மேல் விழுந்தான். சர்ஃபராஸ் அவனைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடுங்கி மூடியைத் தூக்கினான்.

வெளிக்காற்று பட்டதும் மருதையின் முகத்தில் பொடிப்பொடியாக நீர் பூத்தது. பூவரசன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். வேணி எழுந்து தலைமாட்டுக்கு வந்தாள். துண்டை உதறி, நெற்றியை ஒற்றினாள். கண்குழியை, மூக்கோரத்தை, மீசையை, எப்போதும் துடைக்கிற வரிசையில் துடைத்தாள். காதோரம் துடைக்கும்போது குனிந்தாள்.

"ஆமா மாமா" என்றாள். "சனிக்கிழமை."

"என்னடி சொன்ன?" என்று மாரியாயி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பந்தலில் பாடைமேல் வைத்தார்கள். பிள்ளை முதலில் வாய்க்கரிசி போட்டான். பிறகு ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். வேணியின் முறை வந்தது. அவளும் போட்டாள். பாதி அரிசி கன்னத்தில் பட்டு மூங்கில் வழியாகக் கீழே உதிர்ந்தது. பாடைக் காலில் கட்டியிருந்த கோழி, கயிறு எட்டின மட்டும் நகர்ந்து நகர்ந்து அதைக் கொத்திக்கொண்டிருந்தது.